சமாதானப் பரிசு: யாருடைய சண்டை, யாருடைய சமாதானம்?

1

'சமாதானம்' என்கிற வார்த்தை நம் பகுதியில் பெரும்பாலும் ஒரு மேசையோடு சேர்ந்துதான் வருகிறது. ஊருக்கும் காலனிக்கும் தகராறு. சுடுகாட்டுப் பாதையிலோ, தேர் எந்தத் தெருவரை வரும் என்பதிலோ, நிலத்திலோ ஆரம்பித்திருக்கும். நாலு குடிசை எரிந்து, பத்துப் பேர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது தாசில்தார் ஆபீசில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அடித்தவன் இந்தப் பக்கம், அடிபட்டவன் அந்தப் பக்கம், நடுவில் அரசு. "ரெண்டு பேரும் விட்டுக்குடுத்துப் போங்கப்பா" என்பார் அதிகாரி. தாளில் கையெழுத்து வாங்கப்படும். 2024 வரை நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவை இரு தரப்பு மீதும் போடுவது இதே மேசையின் இன்னொரு கால். மறுநாள் பேப்பரில் 'அமைதி திரும்பியது' என்று வரும். நிலம் யாரிடம் இருந்ததோ அவரிடமே இருக்கும்.

இந்தச் சின்ன மேசையையும், ஒவ்வொரு டிசம்பர் 10 அன்றும் ஓஸ்லோவில் போடப்படுகிற பெரிய மேடையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் என்ன? நோபல் சமாதானப் பரிசைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுத்தான் உண்டு. ஒன்று, பொது அறிவுப் புத்தகத்துப் பேச்சு: எந்த ஆண்டு, யாருக்கு. இன்னொன்று, 'எல்லாம் ஏகாதிபத்திய நாடகம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற பேச்சு. இரண்டுமே அந்தப் பரிசு எப்படி உருவானது, எதைச் 'சமாதானம்' என்று வரையறுத்தது என்பதைப் பார்க்க விடுவதில்லை. ஒரு பரிசு ஒருவரைப் பாராட்டும்போதே இன்னொரு வேலையும் செய்கிறது. எந்தச் சண்டை சண்டையாகக் கணக்கில் வரும், எது வராது என்று கோடு போடுகிறது. தொடக்ககால வரலாற்றை இந்தக் கோட்டின் வரலாறாக வாசிக்கலாம் என்பது என் எண்ணம்.

2

ஆல்ஃபிரட் நோபல் தன் கடைசி உயிலில் பாரிஸில் கையெழுத்திட்டது 1895 நவம்பர் 27. டைனமைட்டுக்கு அவர் காப்புரிமை பெற்றது 1867. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத ஆண்டு 1894. அந்த ஆண்டுதான் அவர் ஸ்வீடனின் போஃபர்ஸ் ஆலையை வாங்கிப் பீரங்கி செய்கிற வேலையில் இறங்கினார். ஆமாம், 1986இல் இந்தியா 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் போட்டதே, 1987இல் ஸ்வீடிஷ் வானொலி லஞ்சக் கதையை வெளியிட்டதே, அதே போஃபர்ஸ். பீரங்கி ஆலையை வாங்கிய மறு ஆண்டு சமாதானத்துக்குப் பரிசு எழுதி வைத்திருக்கிறார்.

இதைக் குற்றவுணர்வு, பிராயச்சித்தம் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் நோபல் அப்படி யோசித்ததாகத் தெரியவில்லை. ஆஸ்திரிய எழுத்தாளர் பெர்தா ஃபான் சுட்னர் அவருடைய நண்பர். 1876இல் பாரிஸில் சில நாட்கள் அவரிடம் செயலாளராக இருந்தவர். 1889இல் 'ஆயுதங்களைக் கீழே போடுங்கள்' என்ற நாவலால் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டவர். சமாதான மாநாடுகளால் போர் நிற்கும் என்பது சுட்னரின் வாதம். நோபலோ, உங்கள் மாநாடுகளைவிட என் தொழிற்சாலைகள்தான் போரைச் சீக்கிரம் முடிவுக்குக் கொண்டுவரும் என்று சொல்லியிருக்கிறார். இரு படைகளும் ஒரு நொடியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள முடியும் என்ற நாள் வந்தால் நாகரிக நாடுகள் பயந்துபோய்ப் படைகளைக் கலைத்துவிடும் என்பது அவர் கணக்கு. பிற்காலத்தில் அணு ஆயுதத்துக்குச் சொல்லப்பட்ட அதே நியாயம், அணுவைப் பிளப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தயாராக இருக்கிறது.

உயிலில் இரண்டு பேருடைய குரலும் இருக்கிறது. பரிசுக்கு உரியவர் செய்திருக்க வேண்டியவை என்று அது மூன்று சொல்கிறது: நாடுகளுக்கிடையே சகோதரத்துவம் வளர்ப்பது, நிலைப்படைகளை ஒழிப்பது அல்லது குறைப்பது, சமாதான மாநாடுகளை நடத்துவதும் பரப்புவதும். மூன்றிலும் கர்த்தா நாடுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். நாடில்லாதவர்களின் சண்டை பற்றி உயில் எதுவும் சொல்லவில்லை. பெரிய பணக்காரரான அந்த மனிதருக்கு அது தோன்றவில்லை என்று அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அந்தக் காலத்துச் சமாதான இயக்கத்துக்கே அது தோன்றவில்லை.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நார்வே நாடாளுமன்றம் நியமிக்கும் ஐந்து பேரிடம் அவர் விட்டார். நார்வே அப்போது ஸ்வீடனோடு ஒரே அரசரின் கீழ் இருந்த நாடு. 1905இல்தான் போரில்லாமல் பிரிந்தது. பெரிய ராணுவமில்லாத, காலனிகளில்லாத சின்ன நாட்டிடம் தராசைக் கொடுத்தது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் தராசில் வைக்க வேண்டிய எடைக்கல்லை அந்தக் காலத்து ஐரோப்பா ஏற்கெனவே வார்த்து வைத்திருந்தது.

3

முதல் பரிசு 1901 டிசம்பர் 10. 1,50,782 குரோனர் இரண்டு பேருக்குப் பங்கிடப்பட்டது: ஸ்விட்சர்லாந்தின் ஆன்ரி துய்னான், பிரான்ஸின் ஃபிரெடெரிக் பாஸி. முதல் நாளே சர்ச்சை. பாஸி மீது யாருக்கும் ஆட்சேபம் இல்லை. 1867இலிருந்து சமாதானச் சங்கங்கள் கட்டியவர், நாடாளுமன்றங்களின் ஒன்றியத்தை 1889இல் இங்கிலாந்தின் வில்லியம் ராண்டல் கிரெமரோடு சேர்ந்து தொடங்கியவர். துய்னான் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலவர். சுட்னர் போன்றவர்கள் கேட்டார்கள்: போரில் காயம்பட்டவனுக்குக் கட்டுப்போடுவது போரை ஒழிப்பதாகுமா? போரைச் சகித்துக்கொள்ளத்தக்கதாக ஆக்குவது போரை நீடிக்கவே உதவாதா? நிவாரணமா, மாற்றமா என்று இன்றும் நம் கூட்டங்களில் ராத்திரி முழுக்கப் பேசுகிறோமே, அந்த விவாதத்தின் ஆரம்பகால வடிவம் இது.

துய்னானின் கதையில் இன்னொரு இழையும் உண்டு. 1859இல் சோல்ஃபெரினோ போர்க்களத்துக்கு அவர் போனது காயம்பட்டவர்களைத் தேடியல்ல. பிரான்ஸ் பிடித்து வைத்திருந்த அல்ஜீரியாவில் அவருக்கு ஒரு மாவு ஆலைக் கம்பெனி இருந்தது. அதற்கான நிலம், தண்ணீர் உரிமை விவகாரமாக மூன்றாம் நெப்போலியனிடம் மனுக் கொடுக்கத்தான் கிளம்பிப் போனார். போன இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கேட்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்தார். அந்தக் காட்சி அவரை மாற்றியது, செஞ்சிலுவை பிறந்தது. அவர் மனம் உண்மையாகவே கலங்கியது என்பதில் சந்தேகமில்லை. கம்பெனி திவாலாகி, ஹைடன் என்ற சிற்றூரின் ஆஸ்பத்திரி அறையில் ஏழையாக வாழ்ந்து முடித்தவர் அவர். ஆனால் சோல்ஃபெரினோவில் கிடந்த உடல் கண்ணில் பட்டது, அல்ஜீரியாவில் நிலம் பறிகொடுத்தவனின் உடல் படவில்லை. இதை ஒரு தனிமனிதரின் குறையாக அல்லாமல் ஒரு காலத்தின் பார்வைக் கோணமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கோணத்துக்குச் சட்ட வடிவம் கிடைத்த இடம் ஹேக். 1899இல் 26 நாடுகள் கூடிய முதல் சமாதான மாநாடு அங்கே நடந்தது. நிரந்தர நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. சுட்னர் உள்ளிட்ட சமாதான இயக்கத்தார் கொண்டாடினார்கள். அதே மாநாட்டில் உடம்புக்குள் போய் விரிந்து சதையைக் கிழிக்கும் குண்டுகளைத் தடைசெய்யும் பிரகடனம் ஒன்றும் வந்தது. அந்தக் குண்டுக்கு டம்டம் என்று பெயர். கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச்சாலையில், இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறச் சண்டைகளுக்காக உருவாக்கப்பட்டதால் வந்த பெயர். பிரிட்டிஷ் பிரதிநிதி ஜான் ஆர்டா தடையை எதிர்த்தார். நாகரிக தேசத்துச் சிப்பாய் சாதாரணக் குண்டு பட்டதும் விழுந்துவிடுவான், காட்டுமிராண்டி விழாமல் ஓடி வருவான், அவனை நிறுத்த இந்தக் குண்டு வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். பிரிட்டன் அப்போது கையெழுத்துப் போடவில்லை. 1907இல்தான் ஏற்றது. அதைவிட முக்கியம், கையெழுத்திட்ட நாடுகள் தங்களுக்குள் போரிடும்போது மட்டுமே தடை செல்லும் என்று பிரகடனத்திலேயே எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போடும் உரிமை இல்லாதவன் உடம்பு கணக்கில் இல்லை.

கோடு என்று முன்னால் சொன்னது இதைத்தான். 1904ஆம் ஆண்டுப் பரிசு சர்வதேசச் சட்ட நிறுவனத்துக்குப் போனது. அதே ஆண்டு ஜெர்மனி தென்மேற்கு ஆப்பிரிக்காவில் ஹெரெரோ மக்களை அழிக்கத் தொடங்கியது. அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் போராகப் பதிவாகவில்லை.

1906ஐப் பாருங்கள். அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குப் பரிசு. ஆட்சியிலிருக்கும் ஒரு நாட்டுத் தலைவருக்குப் போன முதல் சமாதானப் பரிசு. காரணம், ரஷ்ய-ஜப்பானியப் போரை முடித்த 1905 போர்ட்ஸ்மத் ஒப்பந்தம். இரண்டு வல்லரசுகள் சமாதானமாயின. அந்தச் சமாதானத்தில் கொரியா மீது ஜப்பானுக்குள்ள மேலாண்மையை ரஷ்யா ஒத்துக்கொண்டது. நவம்பரிலேயே கொரியா ஜப்பானின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. ரெண்டு மிராசு சண்டையை விட்டுக் கைகுலுக்கிக்கொள்ள, நடுவிலிருந்த கூலிக்காரன் மனைக்கட்டு போன கதை. பரிசு வழங்கப்பட்ட அதே ஆண்டு மார்ச்சில், பிலிப்பைன்ஸின் புட் டாஜோ எரிமலைக் குழிக்குள் ஒதுங்கியிருந்த மோரோ மக்கள் பல நூறு பேரை, பெண்கள் குழந்தைகள் உட்பட, அமெரிக்கப் படை கொன்றது. அதன் தளபதிக்கு ரூஸ்வெல்ட் வாழ்த்துத் தந்தி அனுப்பினார். டிசம்பரில் பரிசு. நார்வேக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார்கள் என்று சொல்வதைவிட, அவர்கள் கையிலிருந்த வரையறைக்குள் புட் டாஜோ வரவே இல்லை என்று சொல்வதுதான் சரி.

வரையறைக்குள் இருந்த சமாதானமாவது நின்றதா? எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி பணத்தில் ஹேக்கில் கட்டிய சமாதான மாளிகை 1913 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அடுத்த ஆகஸ்டில் உலகப்போர். 1905இல் பரிசு பெற்ற சுட்னர், சரயேவோவில் துப்பாக்கி வெடிப்பதற்கு ஒரு வாரம் முன்பு இறந்துபோனார். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. நம் பேச்சில் 'அவன் பெரிய எம்டன்' என்ற வழக்கு மிஞ்சியது. அந்தப் போர் நடந்த ஐந்து ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட ஒரே சமாதானப் பரிசு 1917இல் செஞ்சிலுவைக் குழுவுக்கு. கட்டுப்போடுவது சமாதானமா என்று கேட்டவர்கள் வாயடைத்துப்போன ஆண்டுகள் அவை.

4

காந்திக்கு ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வி நம் ஊரில் ஒரு தேசிய மனத்தாங்கல். மனத்தாங்கலாக மட்டும் வைத்துக்கொண்டால் அதிலிருந்து கற்க வேண்டியது தவறிப்போகும். அவர் பெயர் 1937, 1938, 1939, 1947, 1948 ஆகிய ஐந்து ஆண்டுகளில் முன்மொழியப்பட்டது. முதல் மூன்று முறையும் முன்மொழிந்தவர் நார்வேயின் தொழிற்கட்சி உறுப்பினர் ஓலெ கோல்ப்யோர்ன்சென். 1937இல் குழுவின் ஆலோசகர் யாக்கோப் வோர்ம்-மியுல்லர் எழுதிய அறிக்கை காந்தியின் ஆளுமையை மதித்துவிட்டுச் சந்தேகங்களை அடுக்கியது. அவர் தேசியவாதி, சில சமயம் சாதாரண அரசியல்வாதி, அவர் இயக்கம் வன்முறையில் முடியக்கூடும், தென்னாப்பிரிக்காவில் அவர் போராடியது இந்தியர்களுக்காகத்தான், அவர்களைவிட மோசமான நிலையிலிருந்த கறுப்பர்களுக்காக அல்ல.

கடைசி விமர்சனம் இன்றும் ஆப்பிரிக்கர்களாலும் தலித் சிந்தனையாளர்களாலும் காந்தி மீது வைக்கப்படுவது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை வைத்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டுமல்லவா? கறுப்பர்களின் துயரம் அந்தக் குழுவுக்கு அவ்வளவு முக்கியமென்றால், ஆப்பிரிக்காவிலிருந்து முதல் ஆளாக ஆல்பர்ட் லுத்துலி 1960ஆம் ஆண்டுப் பரிசைப் பெறும்வரை ஏன் காத்திருந்தார்கள்? 1947இல் ஐவரில் இருவர் காந்திக்கு ஆதரவாக இருந்தும், இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடக்கும் நேரத்தில் ஒரு தரப்புத் தலைவருக்கு எப்படிக் கொடுப்பது என்ற தயக்கம் வென்றது. பரிசு குவேக்கர் அமைப்புகளுக்குப் போனது. 1948 ஜனவரி 30 அன்று அவர் கொல்லப்பட்டார். அந்த ஆண்டுக்கு முன்மொழிய இரண்டு நாள்தான் மிச்சமிருந்தது. உயிரோடு தகுந்த ஆள் இல்லை என்று சொல்லி அவ்வாண்டு யாருக்கும் தரவில்லை.

ரூஸ்வெல்ட்டும் ஒரு தரப்புத் தலைவர்தானே என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. ரூஸ்வெல்ட்டிடம் அரசு இருந்தது. காந்தியிடம் இருந்தது அரசுக்கு எதிரான இயக்கம். அரசுகளுக்கிடையிலான சமாதானத்தை அளக்கச் செய்த தராசு, அரசுக்கும் அதனால் ஆளப்படுகிறவனுக்கும் இடையிலான சண்டை வந்ததும் தடுமாறியது. ஆசியாவைச் சேர்ந்த ஒருவருக்கு முதன்முதலாகப் பரிசு அறிவிக்கப்பட்டது 1973இல், பரிசு தொடங்கி 72 ஆண்டு கழித்து. வியட்நாமின் லெ டுக் தோ, ஹென்றி கிஸ்ஸிஞ்சரோடு சேர்த்து. எங்கள் நாட்டில் சமாதானம் இன்னும் வரவில்லை என்று சொல்லி அவர் வாங்க மறுத்துவிட்டார். மேசையின் மறுபக்கத்தில் உட்கார வைக்கப்பட்டவர் எழுந்து போன அபூர்வமான தருணம் அது.

5

இதற்கு மாற்றாக வந்த பரிசுகள் என்ன செய்தன? சோவியத் நாடு 1949இல் சர்வதேச ஸ்டாலின் சமாதானப் பரிசை ஏற்படுத்தியது. 1951இல் வெளியான முதல் பட்டியலிலேயே சீனத்தின் சூங் சிங்-லிங் இருந்தார். 1952இல் சைஃபுதீன் கிச்லு. 1919இல் இவரும் சத்யபாலும் கைதான கோபத்தில்தான் அமிர்தசரஸ் கொதித்தது, ஜாலியன் வாலாபாக் நடந்தது. 1957ஆம் ஆண்டின் லெனின் சமாதானப் பரிசு திருச்சியில் பிறந்த சி.வி. ராமனுக்கு. ஆசியாவைப் பார்க்கத் தெரிந்த கண் இது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இதற்கும் குருட்டுப் பகுதி இருந்தது. 1956இல் புடாபெஸ்ட் தெருக்களில் உருண்ட டாங்கிகள் அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை.

அமெரிக்கத் தரப்பில் அணுவுக்கே சமாதானப் பெயர் வைத்தார்கள். ஐசன்ஹோவரின் 1953 ஐ.நா. உரையைத் தொடர்ந்து, ஃபோர்டு கம்பெனிப் பணத்தில் 1955இல் 'சமாதானத்துக்கான அணு' விருது வந்தது. முதலில் பெற்றவர் நீல்ஸ் போர், 1957இல். இந்தச் சொல்லாடல் நமக்கு மிகவும் பக்கத்தில் வந்தது. 1974இல் பொக்ரானில் வெடித்ததை இந்திய அரசு 'சமாதான அணு வெடிப்பு' என்றே அழைத்தது. 1998இல் அந்த அடைமொழியும் தேவைப்படவில்லை. நம் கடற்கரையில் கல்பாக்கத்து உலைகள் 1980களிலிருந்து ஓடுகின்றன. பக்கத்துக் குப்பங்களில் இருப்பவர்கள் கதிரியக்கம் பற்றிக் கேள்வி கேட்டால், எல்லாம் சமாதான நோக்கத்துக்குத்தானே என்ற பதில் எப்போதும் தயார்.

இந்திய அரசும் தன் பங்குக்கு 1965இல் நேரு விருதைத் தொடங்கியது. முதல் விருது ஐ.நா. செயலாளர் ஊ தாண்ட்டுக்கு. அந்த ஆண்டுதான் பாகிஸ்தானோடு போரும். ஆக, வல்லரசோ வளரும் அரசோ, சமாதானப் பரிசு என்பது அரசு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகவும் இருந்து வந்திருக்கிறது.

கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியது 1980இல் தொடங்கிய ரைட் லைவ்லிஹுட் விருது. யாக்கோப் ஃபான் ஊக்ஸ்கியுல் என்பவர், வறுமைக்கும் சுற்றுச்சூழலுக்கும் பரிசு வையுங்கள் என்று நோபல் நிறுவனத்திடம் கேட்டு, அவர்கள் மறுத்ததும், தன் தபால்தலைச் சேகரிப்பை விற்று ஏற்படுத்தியது. 2008இல் இதைப் பெற்றவர்களில் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும், அவர்களுடைய 'லாஃப்டி' அமைப்பும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரிக்கப்பட்ட பிறகு அந்தப் பகுதிக்குப் போய்த் தங்கியவர்கள். அவர்களும் மிராசையும் கூலிக்காரரையும் மேசையில் உட்கார வைத்தார்கள்தான். ஆனால் எழுந்திருக்கும்போது பட்டா கைமாறியிருந்தது. விலை பேசி, கடன் ஏற்பாடு செய்து, பெண்கள் பேரில் நிலம் எழுதினார்கள். புரட்சிகரமான நிலப் பறிப்பு இல்லை என்று இடதுசாரித் தோழர்கள் விமர்சித்ததுண்டு. விவாதிக்க வேண்டிய விமர்சனம். ஆனாலும் சமாதானம் பேசிய இடத்தில் ஏதோ ஒன்று ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போயிருக்கிறது.

அதே ஜெகந்நாதன் போட்ட வழக்கில்தான் 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்காற்றுப் பகுதிக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை இடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் வந்த ஒரு சட்டம் அத்தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது. விருது வந்தது அதற்கும் பின்னால்.

6

நாவலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் என்று தெற்கே போகும் இந்தச் சாலை முடிகிற மாமல்லபுரத்தில் 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தார்கள். அர்ச்சுனன் தபசு முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாறையை கங்கை இறங்குவதாக வாசிப்பவர்களும் உண்டு. ஊர் சொல்வதுபடி அது பாசுபதம் என்ற ஆயுதம் கேட்டுத் தவம் இருக்கிறவனின் சிற்பம். சமாதானப் பேச்சுக்குப் பொருத்தமான பின்னணிதான். 2020 ஜூனில் கல்வானில் சிப்பாய்கள் செத்தார்கள்.

இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதியது 1891. நோபலும் சுட்னரும் சமாதானம் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலம். அதன் விளைவாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. நூறு ஆண்டு கழித்து, 1994 அக்டோபர் 10 அன்று, பறிபோன காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். ஹேக்கின் கணக்கில் இது எந்தக் காலத்திலும் போர் கிடையாது. ஆகவே இதற்குச் சமாதானமும் தேவைப்படவில்லை.

நம்மிடையே வேலை செய்கிற அமைப்புகளுக்கும் தோழர்களுக்கும் இப்போது விருதுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. வாங்கலாமா கூடாதா என்று உணர்ச்சிவசப்பட்டுப் பிரிந்துபோவதைவிட, மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம். இந்த விருது எந்த இரண்டு பேரைத் தரப்புகளாக ஒத்துக்கொள்கிறது? மேசைக்கே கூப்பிடப்படாதவர் யார்? பேசி முடித்து எழுந்தபோது நிலமோ, தண்ணீரோ, உரிமையோ, எது கைமாறியது? மூன்றாவதுக்கு பதில் இருந்தால் விருதை வாங்கிக் கொள்ளட்டும், வேலைக்கு உதவும். பதில் இல்லையென்றால் லெ டுக் தோ சொன்னதைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். காரணை நிலத்துக்கு இன்னும் பதில் சொல்லப்படவில்லை.